இல்பொருளுக்கும் இலக்கணம் உண்டு: அறிவியல் புனைகதை மதிப்புரைகளை முன்வைத்து

கரிசல் மண்ணின் விவசாயியைப் பற்றி ஒரு நாவல் வந்தால் நம் மதிப்புரையாளர்கள் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. அந்த நிலத்தில் அந்தப் பருவத்தில் அந்தப் பயிர் விளையுமா, அந்த ஊரார் அப்படித்தான் பேசுவார்களா, இறுதி அத்தியாயத்தில் நிகழும் மனமாற்றத்துக்கு முந்தைய அத்தியாயங்களில் வித்து இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். அதே மதிப்புரையாளரின் மேசைக்கு ஓர் அறிவியல் புனைகதைத் தொகுப்போ மிகுபுனைவு நாவலோ வந்து சேரட்டும்; இந்தக் கேள்விகள் அனைத்தும் எங்கோ போய் ஒளிந்துகொள்கின்றன. இரண்டு பத்திக் கதைச்சுருக்கம், 'ஆங்கிலப் படம் பார்த்ததுபோல் இருந்தது' என்றொரு வியப்பு, 'சுஜாதாவுக்குப் பிறகு' என்று தொடங்கும் ஒரு வாக்கியம், 'இத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவை' என்றொரு ஆசி. மதிப்புரை முடிந்தது.

'வரவேற்கத்தக்கவை' என்பது மதிப்பீடு ஆகாது. அது வாசலில் தெளிக்கும் பன்னீர். வந்தவரை உள்ளே அழைத்து, உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்தால்தான் அது விருந்தோம்பல். நாம் பன்னீர் தெளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இவ்வகை நூல்களுக்குத் தமிழில் மதிப்புரையே வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்வோர் உண்டு. என் புகார் வேறு. வருகிற மதிப்புரைகளுள் பெரும்பாலானவை நூலைப் படிக்காமலேயே எழுதியிருக்கக்கூடியவை என்பதே என் புகார். கடுஞ்சொல் என்று கருதுவோர் காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

1

இம்மதிப்புரையாளர்களை மூவகைப்படுத்தலாம்.

முதல் வகையினர் கதைசொல்லிகள். 'பூமியில் நீர் வற்றிவிட்டது, மனிதர்கள் வேறொரு கோளுக்குக் குடிபெயர்கிறார்கள், அங்கே...' என்று தொடங்கி நூலின் கடைசி முடிச்சுவரை அவிழ்த்துக் காட்டிவிட்டு ஓய்வார்கள். இவர்களால் பெருந்தீங்கு இல்லை. நூலை வாங்க இருந்தவரின் இன்பத்தில் ஒரு பங்கைக் களவாடுகிறார்கள், அவ்வளவே.

இரண்டாம் வகையினர் விடைத்தாள் திருத்துபவர்கள். சிவப்பு மையுடன் உட்கார்ந்து, ஒளியின் வேகத்தை மிஞ்ச முடியாதே, இறந்த செல் உயிர்பெறாதே என்று ஓரக்குறிப்பு எழுதுவார்கள். இவர்களுக்கு ஒரு மறுமுகமும் உண்டு. அம்முகத்தில் சிவப்பு மைக்குப் பதில் மாலை இருக்கும்: 'சுஜாதா அன்றே சொன்னார்!' எழுத்தாளரைச் சோதிடராக்கி, பலித்தவற்றை எண்ணி மகிழும் விமர்சனம் இது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்வோம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அது காட்டிய எதிர்காலம் நமக்கு இப்போது கடந்த காலம். பலித்தது எவ்வளவு என்பதே அளவுகோலானால் அந்த நாவல் சென்ற ஆண்டுப் பஞ்சாங்கமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்றும் மாணவர்கள் அதை நூலகத்திலிருந்து எடுத்துச் செல்கிறார்கள்.

ஏன்? அந்த நாவலின் உலகில் குடிமக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்கிவிட்டன. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். பெயரையும் பிறப்பையும் அளந்துகொடுக்கும் ஓர் அரசு அங்கே இருக்கிறது. அந்த அரசின் கீழ் மனிதர்கள் கேள்வி கேட்கும் பழக்கத்தை இழந்துகொண்டிருக்க, நூல்களைப் படித்துப் படித்துத் தன்னை வளர்த்துக்கொள்வது ஓர் இயந்திர நாய். நாவலின் உயிர் இந்த முரணில் இருக்கிறது. இரண்டெழுத்துப் பெயர் என்ற சிறு விதி கதை முழுதும் வாசகனின் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பலித்த சாதனங்களின் பட்டியலைப் போட்டவர்கள் இந்த ஒலியைக் கேட்கவே இல்லை.

மூன்றாம் வகையினர்தாம் ஆபத்தானவர்கள், ஏனெனில் அவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள். 'இது வெறும் அறிவியல் புனைகதை அல்ல. அதையும் தாண்டி மனித மனத்தின் ஆழங்களை...' என்று எழுதுவார்கள். நூல் பிடித்துவிட்டால் அதை அதன் குலத்திலிருந்து விலக்கி, இலக்கியம் என்னும் மேற்குலத்துக்குத் தத்துக் கொடுத்துவிட வேண்டும். பிடிக்காவிட்டால், 'அறிவியல் புனைகதைதானே' என்று மன்னித்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டில் அறிவியல் புனைகதை ஒருபோதும் வெல்ல முடியாது. நன்றாக இருந்தால் அது அறிவியல் புனைகதை இல்லை. அறிவியல் புனைகதையாக இருந்தால் நன்றாக இருக்கத் தேவையில்லை.

இது நமக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ண வேண்டாம். மார்கரெட் அட்வுட் தம் நாவல்கள் அறிவியல் புனைகதை என்று அழைக்கப்படுவதை நெடுங்காலமாக விரும்பாதவர். இத்தனைக்கும் பிரிட்டனின் ஆர்தர் சி. கிளார்க் விருது 1987இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது அவருடைய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலே. 2009இல் அவருடைய 'தி இயர் ஆஃப் தி ஃப்ளட்' நாவலுக்கு கார்டியன் நாளிதழில் மதிப்புரை எழுதிய உர்சுலா லெ குவின் இந்த முடிச்சைத் தொட்டார். ஆசிரியரின் விருப்பத்தை மதித்து இதை நடப்பியல் நாவலாகவே கருதி எழுதினால், அறிவியல் புனைகதைக்கென உருவாகியுள்ள விமர்சனச் சொற்களைத் தம்மால் பயன்படுத்த முடியாது. அதனால் நூலுக்கு உரிய பாராட்டையே முழுமையாகத் தர இயலாமற் போகும் என்பது அவர் வாதத்தின் சாரம். கூர்ந்து நோக்கினால் இதைவிட நயமான கண்டனம் இருக்க முடியாது. குலம் மாற்றுவதால் நூலுக்கு இழப்பே என்று அவர் நிறுவிவிட்டார்.

2015இல் கசுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜயண்ட்' வெளிவந்தபோதும் இதே சச்சரவு. அரக்கர்களும் ஒரு டிராகனும் உலவும் அந்த நாவலை வாசகர்கள் மிகுபுனைவு என்று கருதிவிடுவார்களோ என்று ஆசிரியர் ஒரு நேர்காணலில் ஐயம் தெரிவிக்க, அந்தச் சொல்லை இழிசொல்லாகக் கொள்வதா என்று லெ குவின் சினந்தார். தாம் அரக்கர்களின் கட்சியே என்று இஷிகுரோ விளக்கம் தந்தார். சச்சரவு தணிந்தது. ஆனால் இரு பெரும் எழுத்தாளர்கள் ஒரு வகைப்பெயரைச் சுற்றி மோதிக்கொள்ள நேர்ந்ததே, அந்தப் பெயரின்மேல் எவ்வளவு தூசு படிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

2

தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் தூசு படிந்திருக்க நியாயமே இல்லை. நம் பள்ளி இலக்கணத்திலேயே 'இல்பொருள் உவமை' இருக்கிறது. உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்கிப் பாடலாம் என்று அனுமதித்து, அதற்குப் பெயரிட்டு, அணிகளின் வரிசையில் இடமும் கொடுத்தது நம் மரபு. அந்த இலக்கணக்காரர் எவரும் 'இல்லாத பொருள் எப்படி இருக்கும்?' என்று சண்டைக்கு வரவில்லை. பொருந்துகிறதா என்று மட்டுமே கேட்டார்கள். அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் இல்பொருளை ஒரு வரியோடு விட்டுவிடாமல் எழுந்து நடமாட வைப்பவை. இதுதான் வேறுபாடு. ஆகவே பொருத்தத்தோடு நடையையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.

டோல்கீன் இதைத் தெளிவாகச் சொன்னார். 1939இல் உரையாக நிகழ்த்தி 1947இல் கட்டுரையாக அச்சிட்ட 'ஆன் ஃபேரி ஸ்டோரிஸ்' என்ற ஆய்வில் அவர் பச்சைச் சூரியனை எடுத்துக்காட்டுகிறார். பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் நம்பத்தக்கதாகத் தோன்றும் ஓர் உலகைச் சமைப்பதற்குத்தான் உழைப்பும் சிந்தனையும் வேண்டும் என்பது அவர் கருத்து. மதிப்புரையாளருக்கான வேலைப்பட்டியல் இங்கேயே கிடைத்துவிட்டது. பச்சைச் சூரியன் உண்டா என்று கேட்பது அவர் வேலையன்று. அந்த வெயிலில் இலைகள் என்ன நிறத்தில் தெரிகின்றன என்பதை ஆசிரியர் யோசித்திருக்கிறாரா என்று பார்ப்பதே அவர் வேலை.

அதே டோல்கீன் 1936இல் 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அறிஞர்கள் அக்காப்பியத்தை வரலாற்றுத் தரவுகளுக்காகத் தோண்டிவிட்டு, அதிலுள்ள பூதங்களையும் நாகத்தையும் சங்கடமான பிழைகளாக ஒதுக்குகிறார்கள். உண்மையில் பூதங்களே காப்பியத்தின் நடுவம் என்று வாதிட்டார். இதைப் படித்தபோது எனக்கு மணிமேகலை ஆய்வுகள் நினைவுக்கு வந்தன. பௌத்த அளவையியலுக்காக, சமயப் பூசல் வரலாற்றுக்காக, காலக்கணிப்புக்காக மணிமேகலையைக் குடைந்தவர்கள் பலர். அமுதசுரபியைக் கதைக்கூறாக அணுகியவர்கள் சிலரே.

அமுதசுரபிக்கு விதிகள் உண்டு. எடுக்க எடுக்கக் குறையாது. ஆனால் கற்புடைய பெண் ஒருத்தி இடும் முதற்பிச்சையால்தான் அது தொடங்க வேண்டும். அந்த விதியே மணிமேகலையை ஆதிரையின் வாசலுக்கு நடத்துகிறது. அதற்கு முன்பு அப்பாத்திரம் ஆபுத்திரனிடம் இருந்தது. நாட்டில் மழை பெய்து பசி நீங்கிவிட, அன்னமிட ஆள் தேடிக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. உண்பதற்கு மனிதரே இல்லாத தீவில், வற்றாத உணவுப் பாத்திரத்துடன் ஒருவன்! தான் மட்டும் உண்டு உயிர்வாழ மனமின்றி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்துறக்கிறான். ஒரு கற்பனைப் பொருளைப் படைத்து, அதன் விதியைக் கறாராகப் பின்பற்றி, அதன் எல்லையைத் தொட்டு, அங்கே ஓர் அறக்கேள்வியை எழுப்புவது இது. மிகுபுனைவின் உச்சம் வேறென்ன?

இதற்கு நேர்மாறான வாசிப்பும் நம்மிடையே உண்டு. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறிப் பறந்து தப்புகிறாள். 'பார்த்தீர்களா, தமிழன் அன்றே விமானம் செய்தான்' என்று மேடையில் முழங்குவோர் விடைத்தாள் திருத்துபவர்களின் பங்காளிகள். அந்த எந்திரம் இறங்கிய இடம் சுடுகாடு, காப்பியத் தலைவன் பிறந்ததும் அங்கேதான் என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பறந்ததை மட்டும் பார்த்தவர்கள் இறங்கியதைப் பார்க்கவில்லை. திருத்தக்கதேவர் பொறியியல் அறிக்கை எழுதவில்லை; கவிதை எழுதினார்.

3

நிற்க. குறை மட்டும் கூறிவிட்டுப் போவது முறையாகாது. புதிய நூலொன்று கைக்கு வந்தால் மதிப்புரையாளர் கேட்க வேண்டியவை என்று மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். மூன்றும் மணிமேகலையிலிருந்தே கிடைப்பவை.

முதற்கேள்வி, விதி என்ன? இந்த நூலின் உலகில் நம் உலகிலிருந்து எது மாற்றப்பட்டிருக்கிறது, ஆசிரியர் அம்மாற்றத்துக்குக் கடைசிப் பக்கம்வரை உண்மையாக இருக்கிறாரா?

இரண்டாவது, விலை என்ன? அந்த மாற்றத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள், யார் உடம்பால் கட்டுகிறார்கள்? என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) நாவலில் நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் சிலருக்கு இருக்கிறது. அந்த ஆற்றல் சுற்றுப்புறத்தின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், அருகிலுள்ள உயிர்கள் உறைந்து மடியக்கூடும். நாட்டைக் காப்பவர்களே அஞ்சத்தக்கவர்களாக, ஆகவே அடிமைப்படுத்தத்தக்கவர்களாகக் கருதப்படுகிறார்கள். அடிமை முறையின் அரசியல் முழுவதும் அந்த ஒற்றை இயற்பியல் விதியிலிருந்து முளைத்து வருகிறது. அந்த வரிசையின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து ஹ்யூகோ விருது பெற்றன. விருது பெற்றதை எழுதும் மதிப்புரையாளர் விலையைப் பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டும்.

மூன்றாவது, மொழி என்ன செய்கிறது? டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' (1998) குறுநாவலை 'வேற்றுக்கோள்வாசிகள் வருகிறார்கள், ஒரு மொழியியலாளர் அவர்கள் மொழியைக் கற்கிறார்' என்று சுருக்கிவிடலாம். 2016இல் வந்த 'அரைவல்' திரைப்படத்தின் கதையும் அதுதான். ஆனால் ஒரு தாய் தன் மகளிடம் பேசும்போது இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே மூச்சில் கலப்பதில்தான் அக்கதையின் அறிவியல் நிகழ்கிறது. வினைமுற்றைக் கவனிக்காதவர் கதையையே கவனிக்கவில்லை. அதைத் தமிழாக்க முனைபவர் எதிர்காலத்தை நினைவுகூரும் வாக்கியத்துக்கு எந்த வினைவடிவத்தைத் தேர்வது என்று தவிப்பார். அந்தத் தவிப்பைப் பற்றிப் பேசத் தமிழ் படித்த மதிப்புரையாளரைவிடத் தகுதியானவர் யார்?

இம்மூன்று கேள்விகளையும் ஒரு புதிய நூலின்மேல் வைத்துக் காட்டுகிறேன். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு நெபுலா விருது பெற்றது. தலைவனின் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. புத்தரின் மகன் இராகுலனின் பெயருக்கும் தளை என்றே மரபு பொருள் கூறும். பிறந்தவுடன் இவனுடைய தாய் இவன் நிழலைப் பிய்த்தெறிந்துவிடுகிறாள். நிழலற்றவனை நிலம் இறுகப் பற்றுவதில்லை, மிதந்துவிடக்கூடியவன். மகானாகப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்படுகிறான். அவன் குடியேறும் நகரத்தில் ஒரு விந்தை உண்டு. மூடப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கதவு ஒளிர்கதவாக மாறிவிடலாம். மாறினால் பிறகு திறக்காது. அந்த நகரத்திலேயே இனமும் சாதியும் பிரித்தெழுதும் அலுவலகங்களும், அடைத்துவைக்கும் முகாம்களும், இனக்கலவரங்களும் இருக்கின்றன.

நம் மூவகையினரிடம் இதைக் கொடுத்தால் என்ன நடக்கும்? முதலாமவர் கதையைச் சொல்லிவிடுவார். இரண்டாமவர் நிழலுக்கும் ஈர்ப்புவிசைக்கும் தொடர்பில்லை என்பார். மூன்றாமவர், 'இது மிகுபுனைவே அல்ல, இலங்கையின் அரசியல் நாவல்' என்று அறிவிப்பார். மூன்றாவது கூற்று கவர்ச்சியானது. 1983ஐ மறக்க முடியாத எந்தத் தமிழ் வாசகருக்கும் அந்தக் கலவரப் பக்கங்கள் வெறும் கற்பனையாக இரா. ஆனால் அது அரசியல் நாவல் மட்டுமே என்றால் கதவு எதற்கு? மூடிவிட்டு மறந்தது பிறகு திறக்காது என்ற விதியை, கோப்புகளும் முகாம்களும் நிறைந்த நகரத்தில் வைத்துப் படிக்க வேண்டாமா? நிலத்தோடு ஒட்டாத ஒருவன், வகைப்படுத்தாமல் யாரையும் விடாத அரசின் முன் நிற்கிறான் என்ற முரணை எழுத வேண்டாமா? பிறகுதான் கண்டிப்பான கேள்விகள்: மிதக்கும் ஆற்றலை ஆசிரியர் எங்கெல்லாம் பயன்படுத்துகிறார், எங்கெல்லாம் மறந்துவிடுகிறார்? கதவுகளின் புதிரும் தந்தைக்கொலையும் ஒரே நாவலாகச் சேர்கின்றனவா, இரண்டு நாவல்களாக நிற்கின்றனவா? மணிமேகலையை மொழியில் வைத்திருக்கும் நாம், துறவியான தந்தையின்மேல் பிள்ளை வைக்கும் வழக்கை எப்படிக் கேட்கிறோம்?

இதே தீவிலிருந்து வந்த இன்னொரு நாவல், ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா'. 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கொல்லப்பட்ட புகைப்படக்காரன் ஒருவன் மறு உலகில் ஏழு நிலவுகள் அலைகிறான். புக்கர் கிடைத்துவிட்டதால் அது இலக்கியம். பேய்கள் வெறும் உத்தி. அப்படியா? அங்கே இறந்தவன் தன் உடல் போன இடங்களுக்கும், தன் பெயர் உச்சரிக்கப்படும் இடங்களுக்கும் மட்டுமே போக முடியும். காணாமற்போனவர்களின் படங்களை ஏந்தித் தாய்மார்கள் தெருவில் நிற்கும் நாட்டில், பெயர் சொல்லப்படாத பிணம் நகர முடியாது என்ற விதியை உத்தி என்று தள்ளிவிட்டால் நாவலில் மிச்சம் என்ன இருக்கும்? உத்தி என்றழைத்து ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் நாவலின் அறம் குடியிருக்கிறது.

4

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன்.

'மதிப்புரையாளர் இயற்பியல் அறிந்தவரா?' என்பார்கள். அறிந்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் எனக்கு இரண்டு அறை தள்ளி இயற்பியல் துறை இருக்கிறது. ஒரு தேநீருக்குப் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும். ஆனால் அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்வி 'இது சாத்தியமா?' என்பதன்று. 'இது சாத்தியமானால் இதனோடு வேறு எவையெல்லாம் மாறியிருக்க வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். இயற்பியல் ஆசிரியரின் கண்களில் ஒளி வருவதைக் காண்பீர்கள்.

'தமிழில் இந்த வகையே குறைவு. வளரும்வரை கடுமை வேண்டாம்' என்பது இரண்டாவது வாதம். இன்று அது உண்மையன்று. 2006இல் வெளியான ஜெயமோகனின் 'விசும்பு' சித்த மருத்துவம், இரசவாதம் போன்ற மரபறிவுகளை அறிவியல் புனைகதைக்கு அடித்தளமாக்கிப் பார்த்தது. 2018இல் தொடங்கப்பட்ட 'அரூ' இதழ் போட்டி வைத்துப் புதியவர்களை எழுதத் தூண்டியது. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குழந்தைகளாக நடத்துவதை நிறுத்த வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வகை வளர்ந்த கதையைப் பாருங்கள். 1945இல் ஏ. ஈ. வான் வோக்ட் புகழின் உச்சியில் இருந்தார். அவருடைய 'தி வேர்ல்ட் ஆஃப் நல்-ஏ' இதழொன்றில் தொடராக வந்து முடிந்த கையோடு, டேமன் நைட் என்ற 23 வயது இளைஞர் ஒரு சிறு ரசிகர் இதழில் அதைப் பிரித்து மேய்ந்தார். கதையின் நிகழ்வுகள் ஒன்றையொன்று எங்கே வெட்டிக்கொள்கின்றன, கண்டுபிடிப்புகள் எங்கே பின்விளைவின்றி அந்தரத்தில் தொங்குகின்றன என்று அடுக்கினார். பின்னாளில் அந்நாவலைத் திருத்தி 1970இல் வெளியிட்டபோது வான் வோக்ட் அந்த விமர்சனத்துக்கு முன்னுரையிலேயே பதில் சொல்ல வேண்டியிருந்தது. நைட்டின் மதிப்புரைகள் 1956இல் 'இன் சர்ச் ஆஃப் வொண்டர்' என்ற நூலாயின; அதே ஆண்டு சிறந்த நூல் மதிப்புரையாளருக்கான ஹ்யூகோ விருதும் அவருக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அந்த வகை தனக்கான நடுவர்களைத் தனக்குள்ளிருந்து உருவாக்கிக்கொண்டது.

கடுமை என்றதும் எல்லாக் கடுமையும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது. அதே 1956இல் புகழ்பெற்ற விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைச் சிறுபிள்ளைக் கதை என்று எள்ளி நகையாடினார். அவ்வாண்டே டபிள்யூ. எச். ஆடன் அதைத் தேடல் காவியங்களின் மரபில் வைத்து, அந்த மரபின் அளவுகோலால் அளந்து மதிப்பிட்டார். வில்சன் பலாப்பழத்தில் மாங்கொட்டையைத் தேடிவிட்டுக் காணோம் என்றார். நைட் வான் வோக்ட்டை அவருடைய விதிகளைக் கொண்டே அளந்தார். நான் கேட்பது நைட்டின் கடுமையை.

மூன்றாவது வாதம், இவ்வகையில் பெரும்பாலானவை குப்பை என்பது. ஆம். தியோடர் ஸ்டர்ஜன் 1950களிலேயே இதற்கு விடை கூறிவிட்டார்: எதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பைதான். நம் யதார்த்த நாவல்களின் தொண்ணூற்றைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. பத்தைத் தேடி எடுப்பதற்காகத்தானே மதிப்புரை?

இதில் இழப்பு யாருக்கு என்று கேட்பீர்கள். என்னிடம் பயின்ற ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் புனைகதைத் தொகுப்பொன்றைக் கைக்காசு போட்டு 300 பிரதிகள் அச்சிட்டார். கதைகள் அனைத்தும் ஒரே ஊரில் நடப்பவை. அந்த ஊரில் தூக்கத்தை அடகு வைக்கலாம்; அடகு வைத்தவருக்கு மீட்கும்வரை கனவு வராது. வட்டி கட்ட முடியாத ஏழைகளின் ஊர் அது. அருமையான விதி, அருமையான விலை. நான்காவது கதையில், தூக்கத்தை அடகு வைத்த ஒரு தாய் இறந்த பிள்ளையைக் கனவில் காண்கிறாள். விதி அங்கே உடைந்துவிட்டது. அச்சேறிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மதிப்புரைகள் மூன்று வந்தன. மூன்றும் வாழ்த்தின. ஒன்று அந்தக் கனவுக் காட்சியைத் தனியே எடுத்துச் சொல்லி 'நெஞ்சைத் தொட்டது' என்று பாராட்டியது.

"சார், அது பிழைன்னு தெரிஞ்சும் போனாப் போகுதுன்னு விட்டுட்டாங்களா, இல்ல யாருமே படிக்கலையா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் விடை சொல்ல முயன்றேன். அந்தத் தாய்க்கு எப்படியோ கனவு வந்துவிட்டதென்றால், அடகுக்கடைக்காரன் அறியாத ஏதோ ஓர் ஓட்டை அந்த ஊரின் சட்டத்தில் இருக்கிறது. அதைத் துருவினால் ஒரு நாவலே கிடைக்கும் என்றேன். அவர் சிரித்தார். 'இதை ஒருத்தர் அச்சில எழுதியிருந்தா அன்னைக்கே உட்கார்ந்து எழுதியிருப்பேன் சார்' என்றார். அதன்பின் அவர் கதை எதுவும் எழுதியதாக நான் அறியேன். வசை அவரை நிறுத்தவில்லை. பொருளற்ற வாழ்த்து நிறுத்தியது. தம் ஊரின் சட்டத்தை எவரும் மதித்துப் படிக்கவில்லை என்று தெரிந்த பின் யார்தான் சட்டம் இயற்றுவார்?

5

ஆகவே மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. அறிவியல் புனைகதையோ மிகுபுனைவோ கைக்கு வந்தால், அதன் உலகில் எது மாறியிருக்கிறது என்பதை முதற்பத்தியிலேயே ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால், நூல் குழம்பியிருக்கிறது அல்லது நீங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். பிறகு அந்த மாற்றத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்று எழுதுங்கள். அதைச் சொல்ல ஆசிரியர் தமிழை எப்படி வளைத்திருக்கிறார் என்று எழுதுங்கள். புதுச்சொல் படைத்திருந்தால் அது நாவில் நிற்கிறதா, கலைச்சொல் அகராதியிலிருந்து உதிர்ந்து கிடக்கிறதா என்றும் சொல்லுங்கள். 'இது வெறும் அறிவியல் புனைகதை அல்ல' என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். 'இது நல்ல அறிவியல் புனைகதை' என்று சொல்லிப் பழகுங்கள், நாக்கு கூசாது.

நூல் தோற்றுவிட்டதென்றால் எந்தப் பக்கத்தில் தோற்றது என்று குறிப்பிடுங்கள். எழுதியவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். சண்டைக்கு வருவார், வரட்டும். சண்டைக்கு வருபவர் அடுத்த நூலும் எழுதுவார்.